மலையிறங்கி வரும் அன்னை

மலைமேல் கோயில் கொண்ட தெய்வங்களைத் தரிசிக்க விரும்புவோர் இரு வகையினர். படியேறிச் செல்லக் கூடியவர் ஒரு வகை. ஏற இயலாதவர் மற்றொரு வகை. இளமையில் நாம் அனைவரும் முதல் வகையில் இருக்கிறோம். ஆயுள் நீடித்தால் இரண்டாம் வகைக்கு வந்து சேர்கிறோம். மைசூரு சாமுண்டி மலையின் புராணத்தையும் வரலாற்றையும் சேர்த்து எண்ணும்போது, இந்த இரு வகையினரையும் அன்னை எவ்வாறு ஆட்கொள்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. வங்கிப் பணியின் காரணமாக 1990களில் சில ஆண்டுகள் நான் அந்த மலையின் நிழலில் குடியிருந்தேன். அன்று நெஞ்சில் பதிந்தவற்றையே இங்கே அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மைசூரு நகரின் தென்கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் நிற்கிறது சாமுண்டி மலை. நகரின் எந்த வீதியில் நின்றாலும் கண் தானாக அந்தப் பக்கம் திரும்பும். காலையில் வாசல் தெளிக்கும் பெண்கள் மலையை நோக்கி ஒருமுறை கைகூப்பிவிட்டே கோலமிடுவார்கள். எங்கள் அலுவலகத்தில் பணிபுரிந்த கன்னட நண்பர்கள், இரும்புப் பெட்டகத்தைத் திறக்கும்போது "தாயி சாமுண்டி" என்று சொல்லியே சாவியைத் திருப்புவார்கள்.

ஊரின் பெயரே புராணத்தில் பிறந்தது. மகிஷன் ஆண்ட ஊர் மகிஷூரு. அது மருவி மைசூரு ஆயிற்று என்பர். மகிஷம் என்றால் எருமை. நம் அகநானூற்றிலும் எருமையூரன் என்றொரு தலைவனின் பெயர் வருகிறது. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்து நின்ற எழுவருள் அவனும் ஒருவன். அவனுடைய ஊர் இன்றைய மைசூர்ப் பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. எருமைத் தலையின்மேல் நிற்கும் கொற்றவையைத் தமிழர் பழங்காலம் முதலே வணங்கி வந்தவர்கள். மாமல்லபுரத்துக் குகையில் சிங்கத்தின்மீது அமர்ந்து மகிஷனோடு பொருதும் தேவியைக் கண்டவர்களுக்குச் சாமுண்டி மலையின் கதை அந்நியமாகத் தோன்றாது.

அக்கதை இதுதான். மகிஷாசுரன் கடுந்தவம் இயற்றி, ஆண்மகன் எவனாலும் தனக்கு மரணம் நேரக்கூடாது என்று வரம் பெற்றான். பெண்ணொருத்தி தன்னை எதிர்க்கக்கூடும் என்ற எண்ணமே அவனுக்கு எழவில்லை. அவனால் விண்ணுலகை இழந்த தேவர்கள் கூடி முறையிட, அவரவர் மேனியிலிருந்து கிளம்பிய ஒளி ஒன்றாகத் திரண்டு அம்பிகையின் வடிவாயிற்று. சிவபெருமான் சூலம் அளித்தார். திருமால் சக்கரம் அளித்தார். இமவான் சிங்கத்தை ஊர்தியாகத் தந்தான். எருமையாகவும் சிங்கமாகவும் யானையாகவும் உருமாறிப் போரிட்ட அசுரனைத் தன் காலின்கீழ் அழுத்தி அன்னை வதைத்தாள். அவன் வீழ்ந்த இடம் இம்மலைப் பகுதியே என்பது இவ்வூர் மக்களின் நம்பிக்கை. மலையடிவாரத்திலுள்ள உத்தனஹள்ளியில் ஜுவாலாமுகி அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். அவளைச் சாமுண்டியின் தங்கை என்று சொல்வார்கள். இரத்தபீஜன் என்னும் அசுரனின் குருதி நிலத்தில் சிந்தச் சிந்தப் புதிய அசுரர்கள் முளைத்தபோது, தமக்கைக்குத் துணையாக நாவை நீட்டி அக்குருதியைத் தாங்கியவள் இவளே என்பது அங்கு வழங்கும் கதை.

கணக்குப் பேரேடுகளைச் சரிபார்த்துப் பழகிய எனக்கு, நூலோடு செவிவழிக் கதையை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆவல் எழுந்தது. தேவி மாஹாத்மியம், மார்க்கண்டேய புராணத்தின் ஒரு பகுதி. 13 அத்தியாயங்களும் 700 மந்திரங்களும் கொண்டது. அதில் மகிஷனின் வதம் முற்பகுதியில் வருகிறது. சாமுண்டா என்னும் திருநாமமோ ஏழாம் அத்தியாயத்தில்தான் தோன்றுகிறது. சண்டன், முண்டன் என்னும் இருவரின் தலைகளைக் கொண்டுவந்து காளி சமர்ப்பிக்க, அந்த இரு பெயர்களும் இணைந்த நாமத்தை அவளுக்குத் தேவி சூட்டுகிறாள். நூலில் இவை இரு வேறு போர்கள். மைசூரு மலையில் அவை இரண்டும் ஒன்றாகி, மகிஷனை வென்றவளே சாமுண்டீசுவரி ஆகிவிட்டாள். இதில் முரண் ஏதும் இல்லை. அம்பிகை ஒருத்தியே என்பதுதான் அந்நூலின் முடிந்த முடிபு. பண்டிதர் நூல்வழி அறிந்த உண்மையை, பாமர மக்கள் பெயர்வழி அறிந்திருக்கிறார்கள். அந்நூலுக்கு உரியவரான மார்க்கண்டேய முனிவரே கருவறையில் அன்னையின் திருவுருவைப் பிரதிஷ்டை செய்தார் என்றும் தலபுராணம் கூறும். சக்தி பீடங்கள் பதினெட்டு என எண்ணும் மரபில் இத்தலமும் ஒன்று. சதிதேவியின் கூந்தல் இங்கே வீழ்ந்ததாகச் சொல்வர்.

இனி வரலாற்றுக்கு வருவோம். மலைமேல் இன்று அன்னையின் கோயிலே பெரிது. ஆயினும் பழமையானது அதன் அருகில் அடக்கமாக அமைந்திருக்கும் மகாபலேசுவரர் ஆலயமே. மலையின் பழைய பெயர் மகாபலாத்ரி. 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று இத்தலத்தை மார்பள என்று குறிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மலை ஈசனின் பெயரால் அறியப்பட்டது. பின்னர் அம்பிகையின் பெயரால் அறியப்படலாயிற்று. ஈசன் சந்நிதியில் விளக்கு அணையவில்லை. பெருங்கூட்டம் அன்னையிடம் சென்றுவிட, அவர் அமைதியாக வீற்றிருக்கிறார். அம்மன் தரிசனம் முடித்தவர்களில் பலர் அந்தச் சிறிய ஆலயத்தைக் காணாமலே திரும்பிவிடுகிறார்கள். செல்லும் அன்பர்கள் அங்கும் சற்று நேரம் அமர்ந்து வர வேண்டுகிறேன்.

மைசூரு உடையார் வமிசம் 1399இல் யதுராயரோடு தொடங்கியதாக மரபு. அவ்வமிசத்தாரின் குலதெய்வமானாள் சாமுண்டீசுவரி. 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட சாமராச உடையார் ஒருவர் மலைக்கு வழிபடச் சென்றபோது இடி விழுந்தது என்றும், தலைமுடி மட்டும் கருகி அவர் உயிர் பிழைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. அதனால் அவருக்கு மொட்டைச் சாமராசர் என்று பொருள்படும் 'போள சாமராஜர்' என்னும் பெயரே நிலைத்துவிட்டது. அரசரைப் பற்றிய அந்தப் பட்டப்பெயரை மக்கள் மறைக்கவும் இல்லை. அரச குடும்பம் மறுக்கவும் இல்லை. அன்னை காத்ததற்கு அது சாட்சி அல்லவா!

அக்காலத்தில் மலைக்குச் செல்வது எளிதாக இருந்திருக்காது. புதரும் பாறையும் விலங்கும் நிறைந்த வழி. 1659 முதல் 1673 வரை ஆண்ட தொட்ட தேவராச உடையார்தான் அடிவாரத்திலிருந்து உச்சி வரை கற்படிகள் அமைத்தார். ஆயிரம் படிகள் என்பது வழக்கு. எண்ணிப் பார்ப்பவர்கள் சற்றுக் கூடுதலாகவே சொல்கிறார்கள். அரசர் ஒருவர் தமக்கென்று வழி அமைப்பதானால் பல்லக்குச் செல்லும் பாதை ஒன்றே போதும். படிகள் அமைத்தது, செருப்பில்லாத கால்களும் ஏறிச் செல்ல வேண்டும் என்பதற்காகவே என்று எண்ணத் தோன்றுகிறது.

அம்மன்னரே பாதி வழியைக் கடந்தபின் வரும் திருப்பத்தில் ஒரே பாறையில் ஒரு நந்தியை வடிக்கச் செய்தார். உயரம் சுமார் 16 அடி. நீளம் சுமார் 25 அடி. கழுத்தில் மணிச்சரங்கள், ஒரு கால் மடித்து, எழுந்துவிடுவது போன்ற தோற்றம். எண்ணெய்க் காப்பினால் கருத்துப் பளபளக்கும் அந்தத் திருமேனியின் முன் மூச்சு வாங்க நிற்காதவர் எவரும் இல்லை. அவசரக்காரரையும் அமர வைத்து அனுப்பும் காவலர் அவர். ஆஷாட மாதத்து வெள்ளிக்கிழமைகளில், நம் ஆடியை ஒட்டி வரும் அந்நாட்களில், பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே ஏறுவார்கள். ஆயிரம் முறை குனிந்து நிமிர்வது எளிய காரியமா? பிள்ளைக்கு நோய் தீர வேண்டும், மகளுக்கு மணமாக வேண்டும் என்று ஒவ்வொருத்தி நெஞ்சிலும் ஒரு வேண்டுதல்.

இவ்விடத்தில் என் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தவர், மலைக்கோட்டைப் படிகளை ஏறி உச்சிப்பிள்ளையாரைத் தரிசிப்பதை அறுபது வயது வரை வழக்கமாகக் கொண்டிருந்தவர். தந்தையார் மறைவுக்குப் பின் எங்களோடு மைசூருக்கு வந்தபோது அவருக்கு எழுபதைக் கடந்திருந்தது. இரு முழங்கால்களும் ஒத்துழைக்கவில்லை. வீட்டிற்குள்ளேயே சுவரைப் பிடித்து நடப்பார். மாடியில் நாற்காலி போட்டு அமர்த்தினால், மலையைப் பார்த்தபடி மாலை முழுவதும் இருப்பார். இருள் கவிந்ததும் மலைமேல் விளக்குகள் தோன்றும், கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

"ஒரு வண்டி பேசுகிறேன். கோயில் வாசல் வரை சாலை இருக்கிறது, அம்மா" என்று நானும் என் மனைவியும் பலமுறை அழைத்தோம்.

"மலைமேல் இருக்கிற சாமியைப் படியேறிப் போய்ப் பார்க்கணும்டா. காரில் போய் இறங்கினால் அது கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. எனக்குக் கால் இருந்தபோது அவள் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிட்டாலும் என்னால் முடியாது. இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்" என்பார்.

பிடிவாதம் போலத் தோன்றினாலும் அதனுள் ஒரு துயரம் இருந்ததை நாங்கள் அறிவோம். உடல் வருந்தாமல் பெறும் தரிசனம் கடனாகப் பெற்ற பொருள் போன்றது என்று அவர் கருதினார். யாரிடமும் கடன் படாமல் வாழ்ந்தவருக்குத் தெய்வத்திடம் கடன் படவும் மனமில்லை. ஈராண்டுகள் இவ்வாறே கழிந்தன.

அடுத்த வீட்டில் ஒரு கன்னட மூதாட்டி இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் அஜ்ஜி. கொச்சைத் தமிழில் என் தாயாரோடு நெடுநேரம் பேசுவார். ஒருநாள் தாயாரின் மனக்குறையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீங்க ஏற வேண்டாம், அம்மா. தசராவுக்குத் தாயியே இறங்கி வருவா. அப்போ பாருங்க" என்றார்.

மைசூரு தசரா உலகறிந்த விழா. 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கி வைத்த நவராத்திரி விழாவே பின்னாளில் மைசூருக்கு வந்தது. நவராத்திரியின் முதல் நாள் மலைமேல் அன்னைக்கு மலர் தூவி விழா தொடங்கும். விஜயதசமியன்று 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியை யானை சுமந்துவர, அரண்மனையிலிருந்து பன்னி மண்டபம் வரை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தூரம் ஊர்வலம் செல்லும். பன்னி என்பது நம் வன்னி மரம். அரசர் காலத்தில் அந்த அம்பாரியில் அமர்ந்து வந்தவர் மகாராஜா. நாட்டில் மன்னராட்சி மறைந்து, 1971இல் மன்னர் மானியமும் ஒழிந்தபின், அந்த ஆசனத்தில் அன்னையின் திருவுருவம் எழுந்தருளலாயிற்று. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எவளுடைய பெயரால் ஆட்சி நடந்ததோ, அவளே அரசியாக வீதிக்கு வந்துவிட்டாள். வரலாறு எழுதுவோர் இதை அரசியல் மாற்றம் என்பர். பக்தர்களுக்கோ இது மலைக்கும் தெருவுக்கும் இடையே இருந்த கடைசித் தடை நீங்கிய நிகழ்ச்சி.

அவ்வாண்டு விஜயதசமியன்று, சயாஜி ராவ் சாலையில் நண்பர் ஒருவரின் உறவினர் கடைத் திண்ணையில் காலையிலேயே தாயாரை அமர்த்திவிட்டோம். வெயில் ஏறியது. கூட்டம் பெருகியது. தலைச்சுற்றல் வருமோ என்று என் மனைவி மோர் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பிற்பகலில் மேளமும் நாதசுரமும் கேட்டன. அணியணியாகக் கலைஞர்கள் சென்றார்கள். பிறகு திடீரென்று ஓர் ஆரவாரம். பொன்னொளி வீசும் அம்பாரி அசைந்து அசைந்து வந்தது. அதனுள் மலர்களுக்கு நடுவே அன்னை. எங்கள் எதிரே யானை ஒரு கணம் நின்றதோ, நிற்பதுபோல் எங்களுக்குத் தோன்றியதோ! அரை நிமிடத்திற்குள் கடந்துவிட்டது. தாயார் எழுந்து நின்றிருந்தார். யார் தோளையும் பிடிக்கவில்லை.

வீடு திரும்பும் வரை ஒன்றும் பேசவில்லை. இரவு உணவின்போது, "ஏண்டா, அவளே யானைமேல் ஏறித்தானே வந்தாள்? நடந்தா வந்தாள்? நான் காரில் போனால் என்னவாம்?" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார்.

கூட்டம் குறைந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வாடகைக் காரில் மலைக்குச் சென்றோம். வாளும் பாம்பும் ஏந்தி வண்ணம் பூசி நிற்கும் மகிஷாசுரன் சிலையைக் கண்டதும் தாயார் அவனுக்கும் ஒரு கும்பிடு போட்டார். "இவன் இல்லாவிட்டால் அவள் ஏன் இங்கே வரப்போகிறாள்?" என்பது அவர் கூறிய காரணம். மூன்றாம் கிருஷ்ணராச உடையார் 1827இல் திருப்பணி செய்த ஏழுநிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். உள்ளே, அந்த மன்னரே மூன்று தேவியருடன் கைகூப்பி நிற்கும் சிலைகளைக் காட்டினேன். ஐந்து வயதில் அரியணை ஏறியவர். ஆட்சிப் பொறுப்பை இடையில் ஆங்கிலேயரிடம் இழந்தவர். அன்னைக்கு நட்சத்திர மாலை என்னும் அணியில் வடமொழிச் சுலோகங்கள் பொறித்துச் சூட்டியவர். "ராஜாவானாலும் நின்றுகொண்டேதான் இருக்கிறார், பார்" என்றார் தாயார்.

கருவறையில் எட்டுத் திருக்கரங்களோடு அன்னை. தாயார் என்ன வேண்டினார் என்று நாங்கள் கேட்கவில்லை. வெளியே வந்தபின் மண்டபத் தூணில் சாய்ந்து அமர்ந்து, தமக்குத் தெரிந்த பாட்டொன்றை மெல்லப் பாடினார். அன்னையின் சந்நிதியில் ஒரு தமிழரின் குரல் ஒலிப்பது புதிதன்று. நெல்லைச் சீமையில் 1877இல் பிறந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், நான்காம் கிருஷ்ணராச உடையாரின் அவை இசைவாணராக மைசூரில் வாழ்ந்தபோது, அன்னையின் அஷ்டோத்தர நாமங்களுக்கு 108 கீர்த்தனைகளை இயற்றினார்; அதுவும் கன்னடத்தில். மொழியும் எல்லையும் தடையாகாமல் தன் நாமத்தை அவரைக்கொண்டு பாடுவித்தவள் அவள்.

திரும்பும் வழியில் நந்தியருகே காரை நிறுத்தச் சொன்னார். அங்கே படிவழியும் வந்து சேர்கிறது. ஒரு படியில் மெல்ல அமர்ந்து, கோயிலில் பெற்ற குங்குமத்தைப் பிரித்து, தம் காலடியிலிருந்த படிக்குப் பொட்டிட்டார். பிறகு, "இந்த ஒரு படி என் கணக்கில் இருக்கட்டும்" என்றார். அதன்பின் மூன்றாண்டுகள் வாழ்ந்தார். மாடியில் அமர்ந்து மலையைப் பார்ப்பது தொடர்ந்தது. ஆனால் முகத்தில் பழைய ஏக்கம் இல்லை.

எண்ணிப் பார்த்தால் சாமுண்டி மலையின் வரலாறு முழுவதும் ஒரே திசையில் செல்வது தெரிகிறது. காட்டுப் பாறைமேல் இருந்தவளை அடைய ஒருவர் படி அமைத்தார். களைத்தவர் அமர நந்தியைச் செய்வித்தார். பின்வந்தவர் கோபுரம் எழுப்பி, தொலைவிலிருந்தே காணச் செய்தார். பாகவதர் பாட்டாக்கி, வீட்டிலிருந்தே பாடச் செய்தார். மோட்டார்ச் சாலை முதியோரை ஏற்றிச் சென்றது. எதற்கும் வர இயலாதவருக்காக ஆண்டுக்கொரு முறை அன்னையே அம்பாரி ஏறித் தெருவுக்கு வருகிறாள். நம் ஊர்த் தேரோட்டமும் இதற்காகத்தானே? கோயிலுக்குள் வர முடியாதவரைத் தேடி மூலவரின் அருள் உற்சவராகப் புறப்பட்டு வருகிறது. ஏறிச் செல்வது நம் பக்தி. இறங்கி வருவது அவள் கருணை. ஆயிரம் படி ஏறியவருக்குக் கிடைப்பதும், திண்ணையில் அமர்ந்தவருக்கு அரை நிமிடத்தில் கிடைப்பதும் ஒரே அருள்தான்.

இன்று எனக்கும் முழங்கால் வலி தொடங்கிவிட்டது. படிகளின் பக்கம் இனி போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் மனம் வாடவில்லை.

இளைய தலைமுறை அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எந்த மலைக்கோயிலுக்குச் செல்வதானாலும், புறப்படும் முன் வீட்டிலுள்ள முதியவரிடம், "உங்களையும் அழைத்துப் போகட்டுமா?" என்று கேளுங்கள். மறுத்தால் மறுமுறையும் கேளுங்கள். அவர்களால் வரவே இயலாது என்றால், ஏறும் படிகளில் ஒன்றுக்கு அவர்கள் பெயரைச் சொல்லிக் குங்குமம் இடுங்கள். திரும்பி வந்ததும் எந்தப் படிக்கு இட்டீர்கள் என்பதை அவர்களிடம் மறவாமல் சொல்லுங்கள்.